மாடி உனக்கு, வெயில் எனக்கு

முத்தியால்பேட்டை,
8 செப்டம்பர் 2024

அண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை நான் பாதி சொல்லும்போதே போனை வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. மடித்து எறிந்தாலும் அப்புறம் என்ன எழுதியிருக்கிறாள் என்று பிரித்துப் பார்ப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

விஷயம் ஒன்றுதான். நம் வீட்டு மொட்டைமாடியில் சோலார் தகடு போட ஆசைப்படுகிறோம். கரண்ட் பில் மாதாமாதம் ஏறிக்கொண்டே போகிறது. துர்காவின் காலேஜ் பீஸ் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். மூன்று வீடு தள்ளி இருக்கிற புருஷோத்தமன் வீட்டில் அரசாங்க மானியத்தோடு போட்டிருக்கிறார்கள். அவர் மனைவி இப்போது பில் வந்தால் சிரிக்கிறாள். நான் பில் வந்தால் கண்ணாடியைத் தேடுகிறேன்.

அவர்களுக்குப் போட்டுக்கொடுத்த செல்வகுமார் என்பவர் வந்து நம் மாடியையும் அளந்து பார்த்தார். "வெயில் சூப்பரா வுழுதுக்கா. ஆனா பத்திரத்துல மேல்தளம் உங்க அண்ணன் பேர்ல கீது. ஆட்சேபணை இல்லன்னு அவரு கையெழுத்துப் போட்ட கடுதாசி ஒண்ணு வேணும்" என்றார். கீழ்வீடு எனக்கு, மாடி உனக்கு என்று அப்பா பிரித்து எழுதியது இதற்காகவா? பிரான்சுக்குப் போன மகன் என்றைக்காவது திரும்பி வந்தால் மேலே ஒரு அறை கட்டிக்கொள்ளட்டும் என்று மில் சம்பளத்தில் கட்டிய வீட்டைப் பிரித்தார். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

2019இல் நீ வந்தபோது உன்னைக் கேட்காமல் உன் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர், மாடியில் புறாக்கூண்டு வைத்தார் என்று சண்டை போட்டாய். தெரு முழுக்கக் கேட்டது. அன்றிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் பேசுவதில்லை. இது புறா இல்லை அண்ணா. எச்சம் போடாது, சத்தம் போடாது. சும்மா படுத்திருக்கும்.

ஒரு பக்கக் கடிதம், கீழே உன் கையெழுத்து. அவ்வளவுதான் கேட்கிறேன்.

உன் தங்கை,
செல்வி


சார்செல்,
25 செப்டம்பர் 2024

என் செல்விக்கு,

மாடி தர முடியாது. கடைசி வரி வரைக்கும் உன்னைக் காக்க வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோபித்துக்கொண்டு கடிதத்தை மடிக்காதே. வரும் மார்ச்சோடு எனக்கு ரெத்ரேத், ஓய்வு. இந்த ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றாகிவிட்டது. முதலில் பாத்திரம் கழுவினேன், அப்புறம் காய் நறுக்கினேன், இப்போது நான் சொன்னால் மற்றவர்கள் நறுக்குகிறார்கள். இத்தனை வருஷமும் குளிர்காலத்தில் இருட்டோடு எழுந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் மனசுக்குள் அந்த அறையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பேன். பத்துக்குப் பன்னிரண்டு. கிழக்கே பெரிய ஜன்னல், மத்தியானம் கடற்காற்று வருகிற மாதிரி. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வேறு ஒன்றும் வேண்டாம். அந்த இடத்தில் தகட்டைப் பரப்பிவிட்டால் நான் எங்கே போவேன்?

பில்லைக் குறைக்க வழி இருக்கிறது. இங்கே விலை ஏறின வருஷம் நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்டோம். வீட்டுக்குள் பத்தொன்பது டிகிரிக்கு மேல் சூடு வைக்காதே என்று அரசாங்கமே சொன்னது. நான் அதற்கும் கீழே வைத்திருக்கிறேன். உன் அண்ணி நிர்மலா இரண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை, அதற்கு மேல் என் மேல் ஒரு கோபம், இத்தனையும் போர்த்திக்கொண்டு டிவி பார்க்கிறாள். மூடி போடாமல் எதையும் கொதிக்க வைப்பதில்லை. டிவியில் சின்னதாக எரியும் சிவப்பு விளக்கைக்கூட அணைத்துவிட்டுத்தான் படுக்கிறோம். ஃபிரிட்ஜை சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வை. அதன் கதவு ரப்பரில் ஒரு காகிதத்தைச் செருகி இழுத்துப் பார், சுலபமாக வந்தால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். பழைய ஃபேனை மாற்று. அதுதான் திருடன்.

மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு அவ்வளவு கரண்ட் எதற்கு? உட்கார்ந்து யோசி.

துர்காவுக்கு என் முத்தங்கள். நன்றாகப் படிக்கச் சொல்.

அண்ணன்,
கோவிந்தராசு


முத்தியால்பேட்டை,
20 அக்டோபர் 2024

அண்ணா,

யோசித்தேன். உட்கார்ந்து யோசிக்க நேரம் இல்லாததால் நின்றுகொண்டே யோசித்தேன்.

நீ சொன்னதை எல்லாம் செய்தாயிற்று. ஃபிரிட்ஜ் கதவில் துர்கா காகிதத்தைச் செருகினாள். இழுக்கவே வேண்டாம், தானாக விழுந்துவிட்டது. ரப்பர் மாற்றினோம். அப்பா காலத்து ஃபேன் இரண்டையும் கழற்றிவிட்டுக் குறைவாகக் கரண்ட் குடிக்கிற புது ஃபேன் வாங்கினோம். அதற்கு ரிமோட் வேறு. உன் மருமகள் படுத்தபடி ஃபேனைக் கூட்டிக் குறைத்து ராணி மாதிரி இருக்கிறாள். அரிசி பருப்பை ஊறவைத்துத்தான் அடுப்பில் ஏற்றுகிறேன். இஸ்திரி வாரத்துக்கு ஒரு நாள். தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு டேங்க் வழிகிற வரை பேசிக்கொண்டு நிற்கிற பழக்கத்தை விட்டுவிட்டேன். அதனால் பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி அக்காவுக்கு என் மேல் வருத்தம்.

இன்னொன்றும் செய்தேன். மாடி முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கோட் அடித்தேன். வெயில் இறங்காமல் கீழே வீடு கொஞ்சம் குளிர்ந்திருக்கிறது. உன் மாடியில் உன்னைக் கேட்காமல் அடித்தது தப்புதான். வழக்குப் போடு.

பில் குறைந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். நாலில் ஒரு பங்கு குறைந்தது. முக்கால் பங்கு அப்படியே நிற்கிறது. ஸ்வெட்டர் யோசனைக்கு நன்றி. குளிருக்கு நீங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ளலாம். வெயிலுக்கு நாங்கள் ஓர் அளவுக்கு மேல் கழற்ற முடியாது.

உன் அறையை நான் மறக்கவில்லை. ஆனால் நீ முப்பது வருஷமாக அதை மனசில் கட்டுகிறாய். நான் பில்லை இந்த மாதம் கையில் கட்ட வேண்டும்.

துர்கா பில்லைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறாள். நீயே பார்.

செல்வி


சார்செல்,
6 நவம்பர் 2024

என் செல்விக்கு,

தீபாவளிக்கு உன் அண்ணி சுழியம் செய்தாள். பூரணம் எல்லாம் எண்ணெயில் பிரிந்து போய்விட்டது. அம்மா செய்தது போல் இல்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் வரை எனக்குக் காபி கிடைக்கவில்லை.

நீ இத்தனையும் செய்ததைப் படித்து எனக்குப் பெருமையாக இருந்தது. என்னைவிடக் கெட்டிக்காரி நீ. சுண்ணாம்புக்கு வழக்கு இல்லை.

ஆனால் ஒன்று. துர்கா அனுப்பிய பில்லை என் மகன் முகிலனிடம் காட்டினேன். அவன் எலெக்ட்ரீஷியன், உனக்குத் தெரியும். உன் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுக் கூட்டிப் பார்த்தான். "அத்தை சொல்லுற சாமான் எல்லாம் ஓடினாலும் இவ்வளவு வராதுப்பா. இராப்பகலா ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கு, அவங்களுக்கே தெரியாம இருக்கலாம்" என்றான். சுவருக்குள் ஒயர் எங்காவது கசிகிறதோ என்று பயப்படுகிறான்.

எனக்கு வேறு சந்தேகம். மாப்பிள்ளை கண்ணையன் மறுபடி புறா வாங்கி அதற்கு ஏசி போட்டு வைத்திருக்கிறாரா? கேட்டுச் சொல்.

விளையாட்டு இருக்கட்டும். ஒன்று செய்யுங்கள். வீட்டில் ஓடுகிற ஒவ்வொன்றையும் ஒரு நாளைக்கு ஒன்றாக அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். எது தின்கிறது என்று மீட்டரே சொல்லிவிடும். அதைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டால் தகடும் வேண்டாம், என் கையெழுத்தும் வேண்டாம்.

அண்ணன்,
கோவிந்தராசு


முத்தியால்பேட்டை,
24 நவம்பர் 2024

அண்ணா,

இதைப் படித்துவிட்டு உடனே போன் பண்ணாதே. வீடு சின்னது. நான் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவர் காதில் விழும். நான் கடிதம் எழுத ஆரம்பித்ததே அதனால்தான். நீ போனை வைத்தாய் என்றது சாக்கு.

இராப்பகலாக ஓடுவது எது என்று முகிலன் கேட்டான். அது ஆக்சிஜன் மிஷின். அறையில் இருக்கிற காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். போன வருஷம் ஆடி மாதத்திலிருந்து உன் மாப்பிள்ளை அதில்தான் இருக்கிறார். மில்லில் பஞ்சு பிரிக்கிற பகுதியில் இருபது வருஷம் நின்றாரே, அந்தத் தூசி எல்லாம் நெஞ்சில் தங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். மில் மூடிவிட்டார்கள், தூசி மட்டும் போகவில்லை. நாளில் முக்கால்வாசி நேரம் மிஷின் இருக்க வேண்டும். அது சூடு விடும், அதனால் ஃபேன் ஓட வேண்டும். நான் எதை அணைக்க?

ஒரு தடவை நீ வீடியோவில் "என்ன சத்தம்?" என்று கேட்டாய். பக்கத்தில் போர் போடுகிறார்கள் என்றேன். "இத்தனை நாளா போடுறாங்க, தண்ணியே வரலியா?" என்று சிரித்தாய். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவர் என்னிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். "மச்சான் கூடப் பேச்சே இல்ல. நோவ சொல்லிப் பேசுனா பிச்சை எடுக்கற மாதிரி இருக்கும்" என்றார். உன் மேல் கோபம் இல்லை அவருக்கு. ரோஷம்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். உன் போன கடிதத்தைத் துர்கா சாப்பாட்டு நேரத்தில் எடுத்து, உன் குரலிலேயே படித்துக் காட்டினாள். புறாவுக்கு ஏசி என்ற இடத்தில் அவரும் சிரித்தார். இருமல் வருகிற வரை சிரித்தார். பெண் எழுந்து தண்ணீர் கொடுத்தாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை நான் ரேஷன் கடைக்குப் போனேன். கூட்டம். திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் சத்தம் இல்லை. அந்த மிஷினின் உறுமல் எனக்கு இப்போது கடிகாரச் சத்தம் மாதிரி, நின்றால்தான் காதில் விழும். உள்ளே ஓடினேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நாவற்பழம் தின்றது போல் இருந்தது. கையை மட்டும் ஆட்டினார், ஒன்றும் இல்லை என்பது போல. மிஷின் சுவிட்சை அவரே அணைத்திருந்தார். மறுபடி போடுவதற்கு எழுந்திருக்க முடியவில்லை.

புருஷோத்தமனைக் கூப்பிட்டு ஆம்புலன்ஸ் வைத்துக் கொண்டுபோனோம். ஐந்து நாள் ஆஸ்பத்திரி. நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். பிழைத்துவிட்டார், அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், நீ பதறியிருப்பாய்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் பேச்சு வந்ததும் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று. "மச்சான் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல செல்வி. எது தின்னுதுன்னு பாருன்னாரு. எனக்குத் தெரியும் எது தின்னுதுன்னு. நான் வுடற மூச்சுக்கு நீ பில்லு கட்டிகினு கீற. நீ வர்ற வரிக்கும் அணைச்சு வெப்போம்னு பாத்தேன். தெனம் கொஞ்ச நேரம் பழகிக்கினா மிச்சம்தான" என்றார்.

நான் அந்த வராந்தாவில் போய் நின்று அழுதேன். பாட்டரி தீரப்போகிறது என்று போனில் சிக்கனமாகப் பேசுகிற மாதிரி ஒரு மனுஷன் தன் மூச்சைச் சிக்கனம் பிடிக்கிறார்.

உன் மேல் கோபமா என்று கேட்டால் ஆமாம். நீ தெரியாமல் எழுதினாய் என்பதும் தெரியும். இரண்டும் சேர்ந்தே இருக்கிறது, என்ன செய்ய.

செல்வி


சார்செல்,
5 டிசம்பர் 2024

செல்வி,

கையெழுத்துப் போட்ட காகிதம் இதோடு இருக்கிறது. என் பாஸ்போர்ட் நகலும் வைத்திருக்கிறேன். இன்னும் ஏதாவது கேட்டால் சொல், அன்றைக்கே அனுப்புகிறேன்.

போன சனிக்கிழமை அங்கே புயல் கரையைக் கடந்த ராத்திரி நான் போன் பண்ணினேன். துர்கா எடுத்து, "கரண்ட் இல்ல மாமா" என்றாள். "மெழுகுவத்தி ஏத்தி வெச்சுக்கோ, காலையில வந்துடும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. உன் வீட்டில் கரண்ட் இல்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண் எவ்வளவு அமைதியாகச் சொன்னாள். நான் மெழுகுவத்தி ஏற்றச் சொன்னேன்.

நீ போன் பண்ணாதே என்றாய். காலையில் துர்காவுக்கு மட்டும் பண்ணி, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டேன். அதற்கு மேல் பேசவில்லை.

கீழே உள்ளதை மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டு.

மாப்பிள்ளை, அந்த மிஷினை அணைக்காதீங்க. நான் ஒரு மடத்தனமான யோசனை சொன்னேன், அதைப் போய் நீங்க வேதவாக்கா எடுத்துக்கிட்டீங்க. நான் சொன்ன எதையாவது நீங்க இதுக்கு முன்னாடி கேட்டிருக்கீங்களா? இதையும் கேட்காம இருந்திருக்கலாம். மாடி முழுக்க எடுத்துக்குங்க. அறை வேண்டாம்.

கோவிந்தராசு


முத்தியால்பேட்டை,
22 டிசம்பர் 2024

அண்ணா,

உன் கடிதம் வந்தது. நீ அவருக்கு எழுதிய பகுதியை அவரே வாங்கிப் படித்தார். துர்காவிடம் கொடுக்கவில்லை. இரண்டு தடவை படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

புயல் ராத்திரியை நினைத்து நீ வருந்தாதே. ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று எப்போதும் ஓரமாக வைத்திருக்கிறோம். அது விடியும்வரை வந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். அது தீர்கிற நேரத்துக்குப் புருஷோத்தமன் தண்ணீருக்குள் நடந்து போய், எங்கிருந்தோ இன்னொன்றைத் தோளில் தூக்கிவந்தார். அதை மாட்டிய பிறகுதான் நாங்கள் மூன்று பேரும் டீ குடித்தோம். சோலார் போட்டாலும் தெருவில் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடுமாம், செல்வகுமார் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதனால் சிலிண்டர் இருக்கும். சோலார் பில்லுக்குத்தான்.

இப்போது புதுத் தகராறு ஒன்று. உன் கையெழுத்து வந்ததும் செல்வகுமாரை வரச் சொன்னேன். அவர் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, மாடியில் எங்கெங்கே தகடு வரும் என்று படம் போட்டுக் காட்டினார். உன் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

"மச்சான் ரூமு?"

"அண்ணன் வேணாம்னு எழுதிட்டாருங்களே" என்றேன்.

"அவரு எழுதுவாரு. முப்பது வருசமா நெனச்சிகினு கீறாரு. நா படுத்துகினு கீறேன்னு அவரு எடத்த முழுசா எடுத்துக்கறதா? அப்படி வர்ற கரண்ட்டுல நா மூச்சு வுட மாட்டேன்."

இவரோடு நான் என்ன செய்வது, சொல். மில்லில் வேலைநிறுத்தம் செய்த ஆள், இப்போது கட்டிலில் படுத்தபடி செய்கிறார். செல்வகுமார் சிரித்துவிட்டு ஒரு வழி சொன்னார். தகட்டைத் தரையோடு தரையாகப் போடாமல், ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்கு இரும்புக் கால் ஊன்றி மேலே போடலாமாம். அடியில் முழு இடமும் நிழலாகக் கிடைக்கும். செலவுதான் கூட. அந்த இரும்புக்கு மானியம் கிடையாது.

உன் அறைக்குச் சுவர் இருக்காது. ஜன்னலும் இருக்காது, நாலு பக்கமும் காற்று. சம்மதமா?

செல்வி


சார்செல்,
9 ஜனவரி 2025

என் செல்விக்கு,

சம்மதம். இரும்பு என் செலவு. இதில் பேச்சு வேண்டாம், மாப்பிள்ளைக்கு மட்டும்தான் ரோஷம் இருக்கிறதா? என் மாடியில் என் கூரைக்கு நான் கொடுக்கிறேன்.

கால் கனமாக இருக்கட்டும். கீழ்வீட்டுத் தூண் வரும் இடத்துக்கு நேர் மேலே ஊன்றச் சொல். அன்றைக்குப் புயலில் அடித்த மாதிரி ஒரு காற்று அடித்தால் தகடு பறந்து உப்பளம் வரைக்கும் போய்விடக் கூடாது. முகிலன் ஒரு படம் வரைந்திருக்கிறான், துர்காவுக்கு அனுப்புகிறேன்.

அந்த அறையைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன் கடிதத்தை நிர்மலாவிடம் படித்தேன். கேட்டுவிட்டு, "அந்த ரூம்ல யாரு இருப்பா?" என்றாள். நாம்தான் என்றேன். "நான் வர மாட்டேன். முகிலன் இங்க, பேத்தி இங்க. நீங்க போய் மூணு மாசம் இருந்துட்டு வாங்க, நான் வேணாம்னு சொல்லல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள். எனக்கும் இது ரொம்ப நாளாகத் தெரியும் போலிருக்கிறது செல்வி, கேட்காமல் இருந்தேன். அவள் பிறந்ததே இங்கே. நான்தான் அவளைக் கட்டிக்கொண்டு வந்தவன்.

ஆகவே சுவர் வேண்டாம். சுவர் இருந்தால் பூட்டு வேண்டும், பூட்டினால் நீ மாதம் ஒரு தடவை மேலே ஏறி ஒட்டடை அடிக்க வேண்டும். நிழல் போதும்.

மிச்சம் இருக்கிற லீவை எல்லாம் சேர்த்துப் பிப்ரவரியில் வருகிறேன். வேலை நடக்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும். மாப்பிள்ளையிடம் சொல்லாதே. சொன்னால் வேண்டாம் என்பார்.

உங்கள் மூவருக்கும் பொங்கல் வாழ்த்து.

அண்ணன்,
கோவிந்தராசு


சார்செல்,
23 மார்ச் 2025

என் செல்விக்கு,

வந்து சேர்ந்து நாலு நாள் ஆகிறது. இங்கே இன்னும் கோட்டு போட வேண்டியிருக்கிறது. உன் அண்ணி நீ கொடுத்த வடகத்தை எண்ணி எண்ணிப் பொரிக்கிறாள்.

ஏர்போர்ட்டுக்குக் காரில் ஏறும்போது சரியாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. நீ வாசலில் நின்று அழ ஆரம்பித்துவிட்டாய், டிரைவர் வேறு ஹாரன் அடித்தான். அதனால் எழுதுகிறேன்.

வீட்டுக்குள் நுழைந்த அன்று மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை நீ கவனித்தாயா தெரியாது. "வாங்க மச்சான். இளச்சிட்டீங்களே" என்றார். மூக்கில் குழாயோடு, கன்னம் ஒட்டிப்போய் உட்கார்ந்திருக்கிற மனுஷன் என்னைப் பார்த்து இளைத்துவிட்டேன் என்கிறார். நான் பையை வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போனேனே, கால் கழுவப் போகவில்லை.

அப்புறம் நாங்கள் போட்ட சண்டை எல்லாம் உனக்குத் தெரியும். இரும்புக் கால் உயரம் ஏழடி போதும் என்று அவர், எட்டடி வேண்டும் என்று நான். அவர் கட்டிலில் இருந்தபடி, நான் மாடியில் நின்றபடி, நடுவில் துர்கா படியில் ஏறி இறங்கித் தூது. நீ தலையில் அடித்துக்கொண்டாய். எனக்கு ஆறு வருஷப் பேச்சை எல்லாம் அந்த வாரத்திலேயே பேசித் தீர்த்த மாதிரி இருந்தது.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. வேலை முடிந்த மறுநாள் நீ கடைக்குப் போயிருந்தபோது நானும் புருஷோத்தமனும் அவரை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனோம். சின்னச் சிலிண்டரைத் துர்கா பிடித்துக்கொண்டாள். நீ இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டாய். படி திரும்பும் இடத்தில் எனக்கு மூச்சு வாங்கிற்று. அவர், "வெச்சிட்டு நில்லுங்க மச்சான், எனக்காச்சும் டியூப் கீது" என்றார். துர்கா சிரித்ததில் சிலிண்டரையே விட்டிருப்பாள்.

மேலே நிழலில் உட்கார வைத்தோம். காற்று கிழக்கிலிருந்து வந்தது. மாப்பிள்ளை தகடுகளை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "ரூமு கட்டியிருந்தீங்கன்னா என்ன கூப்புட்டிருப்பீங்களா?" என்று கேட்டார்.

"கூப்பிட்டிருக்க மாட்டேன்" என்றேன். உண்மை அதுதானே. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபப்படவில்லை. அரை மணி நேரம் அங்கேயே கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். எனக்கு வீட்டுக்கு வந்தது போல் இருந்தது.

எனக்கு இங்கே வேலை முடிந்தது. கடைசி நாள் பிள்ளைகள் எல்லோரும் படம் வரைந்து கொடுத்தார்கள். எல்லாப் படத்திலும் என் மீசை மட்டும் சரியாக வந்திருக்கிறது.

அண்ணன்,
கோவிந்தராசு


முத்தியால்பேட்டை,
11 மே 2025

அண்ணா,

நாற்காலியோடு தூக்கிப் போனது எனக்கு அன்றைக்கே தெரியும். அஞ்சலாட்சி அக்கா அவள் மாடியில் இருந்து பார்த்துவிட்டுக் கடைக்கே வந்து சொல்லிவிட்டாள். நான் கடையிலேயே இன்னும் கொஞ்ச நேரம் நின்று, வேண்டாத கொத்தமல்லி எல்லாம் வாங்கிக்கொண்டு மெதுவாக வந்தேன்.

நீ கேட்டபடி பில் விவரம். புது மீட்டர் வைத்துப் போன மாதம்தான் முழு மாதம் ஓடியது. பகலில் தகடு கொடுக்கிறதில் நாங்கள் செலவழித்தது போக மிச்சம் லைனுக்குப் போகிறது. ராத்திரி மிஷினுக்கு வேண்டியதை லைனில் இருந்து எடுத்துக்கொள்கிறோம். மாதக் கடைசியில் இரண்டையும் கழித்துப் பார்க்கிறார்கள். வந்த பில்லைப் பார்த்துவிட்டுத் துர்கா, இது நம் வீட்டு பில்தானா என்று பேரைச் சரிபார்த்தாள். தகட்டுக்கு வாங்கிய பாங்க் கடன் தவணையும் அதுவும் சேர்த்தாலும் பழைய பில்லைவிடக் குறைவு. துர்காவின் பீஸுக்கு இந்தத் தடவை நான் வளையலைக் கழற்றவில்லை. போன தடவை கழற்றியதை உனக்கு எழுதாமல் விட்டேன், இப்போது எழுதினால் பரவாயில்லை.

பழைய பழக்கம் போகவில்லை. யாரும் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் இன்னும் எனக்குக் கை அரிக்கிறது, போய் அணைத்துவிட்டுத்தான் வருகிறேன். மிஷின் பக்கம் மட்டும் யார் கையும் போவதில்லை.

அவர் உடம்பைப் பற்றிப் பொய் எழுத மாட்டேன். டாக்டர் இது இனி ஏறாது, இறங்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார். சில நாள் நன்றாக இருக்கிறார், சில நாள் குளித்துவிட்டு வருவதற்குள் களைத்துவிடுகிறார். பகலில் தூங்குகிறார். அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. முன்பெல்லாம் மிஷின் ஓடும்போது கண்ணை மூடவே மாட்டார், கூலிக்கு வந்த ஆள் தூங்கக் கூடாது என்பது மாதிரி விழித்துக்கொண்டே இருப்பார்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அக்னி நட்சத்திரம் ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. காலை பதினோரு மணிக்கே தெருவில் நாய்கூட இல்லை. அஞ்சலாட்சி அக்கா தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நம் வாசலில் நின்று வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தாள். "சனியன் புடிச்ச வெயிலு, ஊரையே கொளுத்திட்டுதான் போவும் போல" என்று என்னென்னவோ சொன்னாள். நான் அடுப்படியில் இருந்தேன். அப்போது உள்ளே கட்டிலில் இருந்து இவர் குரல் கொடுத்தார்.

"திட்டாதீங்கக்கா, அது பாட்டுக்கு அடிக்கட்டும், இன்னும் நல்லா அடிக்கட்டும், சாயங்காலம் வேணும்னா கொறஞ்சிக்கட்டும்."

அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். அவர் சொன்னதற்காக இல்லை அண்ணா. அவ்வளவையும் நடுவில் நிற்காமல், இருமாமல், ஒரே மூச்சில் சொன்னார்.

உன் தங்கை,
செல்வி